சாம்பல் வாளி

நவம்பர் 4, சனி

காலையில் கழிவறைப் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. ஊற்ற ஊற்ற மேலே வந்தது. நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்ந்து விளிம்புவரை வந்து மிதந்தன. வேதியியலில் முதுகலைப் பட்டம், கல்லூரியில் இருபத்தொன்பது ஆண்டுப் பணி, ஐம்பத்தைந்து வயது. துடைப்பக்கட்டையால் குத்திக்கொண்டு நின்றேன். தெறித்தது. அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

கொள்ளிடத்தில் பத்து நாளாக வெள்ளம். தெருவில் எங்கே கடப்பாரை போட்டாலும் இரண்டடியில் தண்ணீர். எல்லார் வீட்டுக் கழிவுத் தொட்டியும் பொங்குகிறதாம். பொங்கட்டும். என் தொட்டி பதினெட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட நிரம்பியதில்லை. மற்ற வீடுகளுக்குக் கழிவு லாரி வந்து தெருவே நாறும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, நம் வீட்டுக்கு இது வந்ததே இல்லை என்று பூங்கோதையிடம் சொல்வேன். ஒரு முறையாவது ஆமாம் என்று சொல்லியிருப்பாளா? மனைவி.

நவம்பர் 6, திங்கள்

லாரி வந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. காலையில் உறிஞ்சி எடுத்துப் போனார்கள், மதியத்துக்குள் தொட்டி மறுபடி விளிம்புவரை. திரும்ப வரச் சொன்னேன். லாரிக்காரன் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தான், பிறகு மூங்கில் கழியை விட்டான். கழி சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"சார், இது தொட்டி இல்ல, கெணறு. அடியில தளமே போடலையே. நான் ஆத்தத்தான் உறிஞ்சிக்கிட்டு இருக்கேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். கையைக் கொடியில் கிடந்த என் வேட்டியில்தான் துடைத்தான்.

இந்த ஊரில் பாதித் தொட்டிகள் அப்படித்தான். கொத்தனார் அன்றைக்குக் கேட்டார், அடியைத் திறந்துவிட்டால் உங்கள் ஆயுசுக்கும் நிரம்பாது, விடட்டுமா என்று. விடச் சொன்னேன். எல்லாரும் செய்ததைச் செய்தேன். இதில் எழுத என்ன இருக்கிறது?

நவம்பர் 7, செவ்வாய்

பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம். கதவில் தாழ்ப்பாள் இல்லை. வெளியே வந்தபோது பழைய மாணவன் ஒருவன் "வணக்கம் சார்" என்றான்.

நவம்பர் 10, வெள்ளி

பூங்கோதை பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறாள். பக்கத்து வீடு என்றால் என் தம்பி வேதாசலம் வீடு. பத்தாவது தேறாத உரக்கடைக்காரன். அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்தபோது கிழக்கு வாசலும் கிணறும் அவன் பங்கு, எனக்குப் புழுதி பறக்கும் மேற்குப் பக்கம். பிரித்த பிறகும் கொஞ்ச காலம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். கிணறு என் பங்கில் வந்தது என்று அவன் யாரிடமோ பெருமையடித்தது காதில் விழுந்தது. அன்றோடு அந்தத் தண்ணீரையும் அவனோடு பேச்சையும் விட்டேன். பதினைந்து ஆண்டாயிற்று. கேன் தண்ணீர்தான். பூங்கோதையும் அவன் மனைவியும் மதிலுக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். நான் தடுக்கவில்லை. அவன் வீட்டுக் கழிவறையை என் மனைவி வெட்கமில்லாமல் பயன்படுத்துவதையும் தடுக்க முடியவில்லை.

அவள்தான் ஜெசிந்தாவைக் கூட்டிவந்தாள். என் மாணவி. சோதனைக்கூடத்தில் இரண்டு முறை அமிலக் குப்பியை உடைத்தவள், இதெல்லாம் தேறாது என்று எழுதிவைத்திருந்தேன். இப்போது ஊர் ஊராகப் போய் எருக் கழிப்பறை கட்டிக்கொடுக்கும் அமைப்பின் தலைவி. தரைக்கு மேலேயே இரண்டு அறைகள் கட்டி, நாலு பக்கமும் அடியும் பூசி, மேலே உட்காருமிடம். மலம் ஒரு துளையில் விழும். மூத்திரம் முன்பக்கப் பள்ளம் வழியாகத் தனிக் குழாயில் போகும். கழுவிக்கொள்ள பின்னால் தனி இடம். ஒவ்வொரு முறையும் துளைக்குள் இரண்டு கை சாம்பல். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதுக்கு மாற வேண்டும். ஓராண்டில் மூடியது எருவாகிவிடுமாம்.

படித்த மனிதன் தன் மலத்தை வீட்டிலேயே சேமித்துவைப்பதா என்று கேட்டேன். அவள் அசரவில்லை. "தண்ணி உள்ள போனா நாறும் சார். சாம்பல் போட்டா நாறாது. அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி."

எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிறாள்.

போகும்போது, பழைய தொட்டிக்கு அடித்தளம் உண்டா என்றாள். மழை வருகிறது பார் என்றேன். பக்கத்து வீட்டுக் கிணறு எவ்வளவு தூரம் என்றாள். முப்பது அடி என்றேன்.

நவம்பர் 16, வியாழன்

வேலை ஆரம்பம். ஐந்து படி ஏறிப் போய் உட்கார வேண்டும். வெள்ளம் வந்தாலும் அறைக்குள் நீர் புகக் கூடாதாம், அதனால் அந்த உயரம். கொல்லையில் மேடை போட்டு நாடகம் நடத்துவதுபோல் இருக்கிறது. இயற்பியல்காரனை முதல்வராக்கிவிட்டு எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிய நிர்வாகக் குழு வந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 29, புதன்

வேதாசலத்தின் மகள் சுடர்க்கொடி பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். நேற்றுப் பெண் குழந்தை. பூங்கோதை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூக்கு உங்கள் குடும்ப மூக்கு என்றாள். எனக்கென்ன.

பூச்சு காய்கிறது.

டிசம்பர் 8, வெள்ளி

முதல் நாள். படியேறும்போது தெருவே முதுகைப் பார்ப்பதுபோல் கூசியது. உள்ளே குந்தினால் எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்காக நகர வேண்டும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பிறகு வாத்துபோல் பின்னால் நகர்ந்து கழுவ வேண்டும். முடித்துவிட்டுத் துளைக்குள் பார்க்காமல் சாம்பல் தூவ முடியாது. பீங்கானில் நாம் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றினால் அது வேறொருவருடையது ஆகிவிடும். இதில் நம்முடையதாகவே கிடக்கிறது.

மேல்படியில் நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் முழுதும் தெரிகிறது. கிணறு, துவைகல், கொல்லை அடுப்பு. பதினைந்து ஆண்டாகப் பார்க்காதது. கிணற்றுச் சகடை மாற்றியிருக்கிறான்.

டிசம்பர் 9, சனி

இன்றும் போனேன். வேறு வழி இல்லை.

டிசம்பர் 14, வியாழன்

ஜெசிந்தா கொடுத்த சாம்பல் மூட்டை தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் எரிவாயு. சாம்பலுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும் முன்பே கழிப்பறைப் படியில் ஒரு தகர வாளி நிறையச் சாம்பல் இருந்தது. சலித்த சாம்பல், மாவுபோல். எங்கிருந்து என்று கேட்டேன். பூங்கோதை மதிலைப் பார்த்தாள். அவள் ஓரகத்தி மரகதம் தினமும் காலையில் மதில் மேல் வைக்கிறாளாம், இவள் வெறும் வாளியைத் திருப்பி வைப்பாளாம்.

ஆக, என் மலத்தை மூடுவது வேதாசலத்தின் அடுப்புச் சாம்பல். வேண்டாம் என்று கத்தினேன். "அப்ப எதால மூடப்போறீங்க, உங்க சர்டிபிகேட்டாலயா?" என்றாள்.

சாம்பல் போடவில்லை. மாலைக்குள் ஈ மொய்த்தது. போட்டேன்.

டிசம்பர் 23, சனி

ஐம்பது ஆண்டுப் பழக்கம். முந்தாநாள் தூக்கக் கலக்கத்தில் எழுந்துபோய், முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே துளைக்குள் ஊற்றிவிட்டேன். ஊற்றிய பிறகுதான் உறைத்தது. பூங்கோதையிடம் சொல்லவில்லை. மூன்றாவது நாளான இன்று அந்தப் பக்கம் போக முடியவில்லை. மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புழுக்கள் சுவர் ஏறி வருகின்றன.

ஆள் வைத்து எடுக்கலாமா என்று ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். அவள் குரலில் முதல் முறையாக மரியாதை குறைந்தது. "ஆள் வைக்கவே கூடாது சார். பின்பக்கக் கதவைத் திறங்க, கையுறை போட்டுக்கிட்டு நீங்களே சாம்பலும் வைக்கோலும் போட்டுக் கிளறுங்க. உங்களோடதுதானே."

பின்கதவுப் பலகையை நீக்கினேன். கூழாக வழிந்து காலில் விழுந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பதினைந்து நாள் நான் தின்றதெல்லாம் என் முன்னால் நின்று நெளிந்தது. ஒரு மணி நேரம் கிளறினேன். சாம்பல் தீர்ந்ததும் மதில் மேல் ஒரு வாளி வந்தது. அது தீர்ந்ததும் இன்னொன்று. நாற்றம் அங்கேயும் போயிருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு.

ஐந்து முறை குளித்தேன். நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 4, வியாழன்

ஒரு வாரமாகச் சாம்பல் மிஞ்சுகிறது. ஒரு வாளி வந்த இடத்தில் இரண்டு. நம்மைக் கேலி செய்கிறார்களா என்று பூங்கோதையிடம் கேட்டேன். எதற்கெடுத்தாலும் கேலியா என்றாள். சுடர்க்கொடிக்குத் தாய்ப்பால் போதவில்லையாம். புட்டிப்பால். டாக்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து மாவு கலக்கச் சொன்னாராம். மரகதம் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று கொதிக்கவிடுகிறாளாம். பாதியாகச் சுண்டும்வரை கொதித்தால்தான் சுத்தம் என்று அவள் எண்ணம். நாள் முழுக்க அடுப்பு எரிகிறது.

கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டேன்.

வேறென்ன தண்ணீர் அந்த வீட்டில் என்றாள்.

மேல்படியில் நின்று பார்த்தேன். சுடர்க்கொடி துவைகல்லில் உட்கார்ந்து புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நல்லா இருக்கீங்களா பெரியப்பா?" என்றாள். தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். வந்த காரியம் முடியாமலே.

ஜனவரி 5, வெள்ளி

அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும் என்றேன். பூங்கோதை எதற்கு என்று கேட்கவில்லை. கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

பரணிலிருந்து பழைய பரிசோதனைப் பெட்டியை இறக்கினேன். மருந்து காலாவதியானது, அதனால் குறைவாகத்தான் காட்டும். குழாயில் தண்ணீரை ஊற்றிப் பொடியைப் போட்டுக் குலுக்கினேன். நைட்ரேட் இருந்தால் இளஞ்சிவப்பு. லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. என் அட்டையில் கடைசிக் கட்டம் நூறு. குழாயில் இருந்தது அந்தக் கட்டத்தையும் தாண்டிய நிறம், செம்பருத்தி நிறம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும், உதடு நீலமாகும். இதைப் பதினான்கு ஆண்டுகள் மூன்றாமாண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்.

நைட்ரேட் எங்கிருந்தும் வரலாம். அவன் உரக்கடைக்காரன். யூரியா மூட்டை வீட்டிலும் வைத்திருப்பான்.

மதிலிலிருந்து என் பழைய தொட்டிவரை நாடா பிடித்து அளந்தேன். ஐந்தடி. அந்தப் பக்கம் மதிலிலிருந்து கிணறு ஏழடி இருக்கும்.

ஜனவரி 6, சனி

பழைய நாட்குறிப்புகளைத் தேடி எடுத்தேன். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஜூலை. ஒரு பக்கத்தில் "கிணறு: 70" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மறுநாள்: "வேதாசலம் வீட்டுத் தண்ணீர் இனி வேண்டாம் என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டேன். சுயமரியாதை உள்ளவன் அடுத்தவன் கிணற்றில் குடிக்க மாட்டான்."

அவன் பெருமையடித்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுத மறந்திருப்பேன்.

ஜனவரி 8, திங்கள்

குழந்தையின் உதடு கறுக்கிறதாம். நகமும். உள்ளூர் டாக்டர் இதயத்தில் ஓட்டை இருக்கலாம், தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்றாராம். நாளைக் காலை போகிறார்கள். கார் சொல்லியாகிவிட்டது.

இதயமாக இருக்கலாம். டாக்டர் சொல்கிறார். நான் டாக்டர் இல்லை. நூறு காரணம் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் போய் நின்றால் தொட்டியைச் சொல்ல வேண்டும்.

பூங்கோதை சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "அன்னைக்கு எதுக்குங்க அந்தத் தண்ணி வேணாம்னீங்க?" என்றாள்.

எழுந்து கை கழுவினேன். கேன் தண்ணீரில்.

ஜனவரி 9, செவ்வாய்

ஏழு மணிக்குக் கார் வந்தது. சுடர்க்கொடி பின்சீட்டில் குழந்தையோடு. மரகதம் ஒரு கூடையில் பால் மாவு டப்பாவும் பிளாஸ்க்கும் எடுத்துவந்தாள். பிளாஸ்க்கில் கொதிக்கவைத்த தண்ணீர். வழிக்கு.

நான் என் வாசலில் நின்றிருந்தேன். என் கால் போகவில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும். அவள் கூடையைக் காருக்குள் வைத்த பிறகுதான் போனேன்.

"வேதா" என்றேன். பதினைந்து ஆண்டில் முதல் முறை. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவன்போல் நின்றான்.

"அந்தத் தண்ணிய குழந்தைக்குக் குடுக்காதீங்க. கிணத்துல நைட்ரேட் இருக்கு. டாக்டர்கிட்ட போனதும் அந்த வார்த்தையச் சொல்லு. நைட்ரேட். உதடு கறுக்கறது அதாலதான் இருக்கும்."

"நல்லாக் கொதிக்கவச்சுதானே மாமா குடுக்கறோம்" என்றாள் மரகதம்.

கொதிக்கவைத்தால் அதிகமாகும் என்றேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கையால்தான் அடுப்பு ஊதியிருப்பாள். பிளாஸ்க்கைப் பிடுங்கி நானே சாக்கடையில் ஊற்றினேன். பூங்கோதை எங்கள் கேனைத் தூக்கிவந்து காரில் வைத்தாள்.

எப்படி வந்தது என்றான் வேதாசலம். என் தொட்டிக்கு அடித்தளம் இல்லை என்றேன்.

"எப்ப தெரியும் அண்ணே உனக்கு?"

"வெள்ளிக்கிழமை டெஸ்ட் பண்ணேன்" என்றேன்.

வெள்ளி என்று கேட்டதும் விரல் விட்டு எண்ணினான். நான்கு நாள். வண்டியில் ஏறினான்.

ஜனவரி 11, வியாழன்

குழந்தை பிழைத்துவிட்டது. பூங்கோதைக்கு மரகதம் போன் செய்தாள். நைட்ரேட் என்றதும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம், அதேதான். மெத்திலீன் நீலத்தை ஊசியில் ஏற்றினார்களாம். நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீல மருந்து. ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்துவிட்டதாம். அந்த மருந்தை வைத்துச் சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்கு வித்தை காட்டியிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுப் பூங்கோதை சமையலறையில் அழுதாள். நான் கொல்லைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் வாளி காலியாக இருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

வந்துவிட்டார்கள். பிற்பகலில் மதிலுக்கு அந்தப் பக்கம் வேதாசலம் வந்து நின்றான். நான் மேல்படியில் இருந்தேன். பிள்ளை நல்லா இருக்கு என்றான். பிறகு மதிலில் கை வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலக் கேட்டான்.

"வெள்ளிக்கிழமைதான் தெரியும்னே. அப்ப அந்த வருஷம் எதுக்கு அண்ணே கேன் தண்ணிக்கு மாறுனே?"

அவனே மேலே சொன்னான்.

"நான் ஏதோ சொல்லிட்டேன்னு நீ கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சோம். என்ன சொன்னேன்னு ராப்பகலா யோசிச்சேன். மரகதம் ஒரு மாசம் உங்களுக்குன்னு குடத்துல தண்ணி எடுத்து இந்த மதில்ல வச்சா. உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அந்த ஆகஸ்ட்டில் எழுதியும் இருக்கிறேன். "திமிரைப் பார், தினமும் குடத்தை மதிலில் வைத்துக் காட்டுகிறார்கள்."

அவன் போய்விட்டான். நான் மூடியை மூடிவிட்டு இறங்கினேன்.

ஜனவரி 18, வியாழன்

சாம்பல் வரவில்லை. அவர்கள் இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறார்கள், கொதிக்கவைக்கும் வேலை இல்லை, அதனால் சாம்பல் இருக்காது என்று பூங்கோதையிடம் விளக்கினேன்.

"வெந்நீர் அடுப்பு எரியத்தான் செய்யுது" என்றாள்.

ஜனவரி 23, செவ்வாய்

பழைய தொட்டியை உடைத்தேன். உடைக்க ஆள், அள்ள நான். சேறு வற்றியதும் அடியைப் பார்த்தேன். கறுப்பு மணல். அந்தப் பக்கம் சாய்வாக இறங்குகிறது. பதினெட்டு ஆண்டு நிரம்பாத தொட்டி. சுண்ணாம்பும் மணலும் கொட்டி மூடினேன். வேதாசலம் கிணற்றுக்கு மேல் கம்பி வலை போட்டிருக்கிறான். அது தெளிய எத்தனை ஆண்டாகும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

அரிசி ஆலையில் போய் உமிச்சாம்பல் வாங்கிவந்தேன். கரடுமுரடு. ஈரத்தைக் குடிக்கவில்லை. மறுபடி நாறுகிறது. பூங்கோதை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு போய்வருகிறாள். நான் போகும்போது மூக்கைப் பொத்துவதில்லை. என்னுடையது.

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில் தகர வாளியை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனேன். மரகதம் வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். சுடர்க்கொடி குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. மூக்கைப் பார்த்தேன்.

வாளியை மதில் மேல் வைத்தேன்.

"மரகதம், கொஞ்சம் சாம்பல் வேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுடர்க்கொடி குழந்தையைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த முறை பெரியப்பா என்று கூப்பிடவில்லை.

மரகதம் அசையாமல் இருந்தாள். நான் போய்விடுவேன் என்று காத்திருந்திருக்கலாம்.

"தெரிஞ்சுதான் நிறுத்தினேன். அந்த வருஷமே. தண்ணி கெட்டுப்போச்சுன்னு தெரியும். நான் மட்டும் குடிக்காம நிறுத்திக்கிட்டேன்."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. அருவருப்பு வந்தது. துளைக்குள் குனிந்து பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ, அப்படி. பிறகு எழுந்து வந்து வாளியை எடுத்துப் போனாள். அடுப்பிலிருந்து வாரி நிரப்பினாள். சலிக்கவில்லை. கொண்டுவந்து மதில் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடியில நெருப்பு இருக்கு மாமா. ஆறவிட்டுப் போடுங்க."

வாளி கொல்லைப்படியில் இருக்கிறது. மாலை ஐந்து மணி. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுகிறது.